ஆவிக்குக் கலிங்கு அமைத்த அறிஞர்

ஏரிக்குக் கரை இன்றியமையாதது. கரைக்குக் கலிங்கு இன்றியமையாதது. மதகு வயலுக்கு நீரளிக்கும் வாயில். கலிங்கோ ஏரியையே காத்தளிக்கும் வாயில். மழை மிகுந்து நீர் தன் எல்லைக்கு மேல் உயரும்பொழுது, மிகுதியான நீர் கலிங்கின் வழியே தானே வழிந்தோடும். எவரும் வந்து திறந்துவிட வேண்டுவதில்லை. கலிங்கு இல்லாத ஏரியின் கரை எத்துணை உயரமும் அகலமும் உடையதாயினும், ஒரு பெருமழையில் உடைந்து, தான் காக்க வேண்டிய ஊரையே அழித்துவிடும். ஏரிகள் மலிந்த தொண்டைநாட்டு மக்கள் இவ்வுண்மையை நெடுங்காலத்திற்கு முன்பே நன்குணர்ந்திருந்தனர். முதற்பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 10ஆம் நூற்றாண்டில், உத்தரமேரூர்ச் சபையார் ஏரியைப் பேணுதற்கென்றே ஏரி வாரியம் என்னும் குழுவை ஆண்டுதோறும் குடவோலை முறையால் தேர்ந்தெடுத்தனர் என்பதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன.

நீருக்குக் கரையும் கலிங்கும் வேண்டுவது போலவே, நீராவிக்கும் கலமும் வாயிலும் வேண்டும். நீர் கொதித்து ஆவியாகும்பொழுது, திறந்த வெளியில் அதன் பருமன் ஏறத்தாழ 1,600 மடங்காகப் பெருகுகின்றது. அங்ஙனம் விரிய விரும்பும் ஆவியை மூடிய கலத்துள் அடைத்துத் தீயை மேன்மேலும் மூட்டினால், அது கலத்தின் சுவரை எல்லாப் பக்கங்களிலும் நெருக்கும். சுவரின் வலிமை தோற்குமிடத்தில் கலம் வெடித்துச் சிதறும். இவ்வாற்றலைக் கலத்துள் அடக்கியதோடு நில்லாமல், அது எல்லை கடக்கும்போது தானே வெளியேறுதற்குரிய வாயிலையும் அமைத்துத் தந்த பேரறிஞர் டெனிஸ் பாப்பின் ஆவார். இன்று தொழிற்சாலைகளில் சேஃப்டி வால்வு என்று வழங்கப்பெறும் காப்பு வால்வைக் கண்டவர் என உலகம் போற்றுவது இவரையே.

பாப்பின் 1647ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22ஆம் நாள், பிரெஞ்சு நாட்டிலுள்ள பிளுவா நகருக்கு அருகில் பிறந்தார். அவர்தம் குடும்பத்தார் சீர்திருத்தக் கிறித்தவ நெறியைச் சார்ந்தவர்; அந்நாட்டில் அவர்களை ஹியூகனாட்டுகள் என்பர். இளமையில் பிளுவா நகரில் கல்வி கற்ற பாப்பின், பின்னர் ஆன்ஜேர் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1669ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். மருத்துவராய் அமர்ந்திருந்தால் அவர்தம் வாழ்வு வளமாகக் கழிந்திருக்கும். ஆனால் அவருள்ளம் நோயாளியின் நாடியை விடக் காற்றின் நாடியையும் ஆவியின் நாடியையும் அறிவதிலேயே பெரிதும் ஈடுபட்டது. ஆயினும் மருத்துவக் கல்வி வீண்போகவில்லை. அறிகுறியைக் கண்டு காரணத்தைத் தேடும் பழக்கத்தை அஃது அவர்க்கு அளித்தது.

அக்காலத்தில் பாரிசு மாநகரில் அரசனால் நிறுவப்பெற்ற அறிவியற் கழகம் சிறந்து விளங்கிற்று. ஒல்லாந்து நாட்டுப் பேரறிஞரான ஹைகன்ஸ் அக்கழகத்தின் தூணாக இருந்தார். பாப்பின் 1671ஆம் ஆண்டளவில் அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். காற்றை வெளியேற்றி வெற்றிடம் உண்டாக்கும் பொறியைக் கொண்டு இருவரும் பல சோதனைகள் செய்தனர். உருளையினுள் வெடிமருந்தைக் கொளுத்தி, அதிலுள்ள காற்றைப் போக்கி, வெளிக்காற்றின் அழுத்தத்தால் பிஸ்டனை இயக்கும் முயற்சியும் அக்காலத்தில் நடந்தது. பிற்காலத்தில் கணிதத்திலும் மெய்ப்பொருளியலிலும் பெரும்புகழ் எய்திய லைப்னிட்ஸ் என்னும் செர்மானிய அறிஞரும் பாரிசுக்கு வந்து இவர்களோடு பழகினார். அந்நட்பு பாப்பினுடைய வாழ்நாளில் நெடுங்காலம் துணைநின்றது.

1675ஆம் ஆண்டில் பாப்பின் இலண்டன் மாநகர் சேர்ந்தார். அங்கே இராபர்ட் பாயில் என்னும் அறிஞர் காற்றின் அழுத்தத்தைப் பற்றிய ஆராய்ச்சியில் பெரும்பெயர் பெற்றிருந்தார். காற்றை அழுத்த அழுத்த அதன் பருமன் அதற்கேற்பக் குறையும் என்னும் விதி அவர் பெயராலேயே வழங்குகின்றது. அவரிடம் பாப்பின் சில ஆண்டுகள் பணிபுரிந்து, காற்றுப் பொறியைத் திருத்தியமைத்தார். இங்ஙனம் அக்காலத்துப் பேரறிஞர் இருவரிடம் உடனிருந்து கற்ற கல்வியே, பின்னர் அவர் தனித்துச் செய்த பெரும்பணிக்கு அடிப்படையாயிற்று.

1679ஆம் ஆண்டில் பாப்பின் ஒரு புதுக்கலத்தை இராயல் சங்கத்தின் முன் கொணர்ந்தார். தடித்த உலோகத்தால் ஆகிய உருளை. அதன்மேல் திருகுகளால் இறுக்கப்பெற்ற மூடி. உள்ளே நீரையும் எலும்பையும் இட்டு மூடித் தீமூட்டினால், ஆவி வெளியேற வழியின்றி உள்ளே அழுத்தம் உயரும். திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகை வெப்பத்தில் கொதிக்கும். அழுத்தம் மிகுந்த கலத்திலோ அதனினும் உயர்ந்த வெப்பத்திலேயே கொதிக்கும். அவ்வுயர்ந்த வெப்பத்தில், கல்லைப்போல் இறுகிய எலும்பும் குழைந்து மென்மையாகிவிடும். எறியப்படும் எலும்பிலிருந்து ஏழை மக்கள் உண்ணத்தக்க சத்தைப் பெறலாம் என்பதும், சிறிதளவு விறகைக் கொண்டே சமைக்கலாம் என்பதும் பாப்பினுடைய நோக்கங்களாகும். இன்று வீடுதோறும் அடுப்பின்மீது அமர்ந்து சீழ்க்கையொலி எழுப்பும் பிரஷர் குக்கருக்கு மூதாதை இக்கலமே.

ஆனால் இக்கலத்தில் ஒரு பேரிடர் மறைந்திருந்தது. முதலில் செய்த கலங்களுட் சில வெடித்தன. மூடியை எவ்வளவு இறுக்கினால் போதும், தீயை எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்பவற்றைக் கண்ணால் அறிய முடியவில்லை. பிறர் இந்நிலையில் கலத்தின் சுவரை மேலும் தடிப்பாக்குவதையே எண்ணியிருப்பர். பாப்பின் வேறு வகையாக எண்ணினார். சுவர் எத்துணைத் தடிப்பாயினும் அதனை வெல்லும் அழுத்தமும் உண்டு. ஆதலால் வலிமையைக் கூட்டுவது மட்டும் போதாது, எல்லையையும் வகுத்தல் வேண்டும் என்று அவர் தெளிந்தார்.

அத்தெளிவின் பயனாக அவர் அமைத்த கருவி மிகவும் எளியது. கலத்தின் மூடியில் ஒரு சிறு துளை. துளையின்மேல் நன்கு பொருந்தும் ஓர் அடைப்பு. அவ்வடைப்பின்மேல் குறுக்காக ஒரு நெம்புகோல். அக்கோலின் மறுமுனையில் தொங்கும் ஓர் எடைக்கல். ஆவி துளையின் வழியே அடைப்பை மேல்நோக்கித் தள்ளும். எடைக்கல் அதனைக் கீழ்நோக்கி அழுத்தும். ஆவியின் தள்ளுதல் மிகுந்தவுடன் அடைப்பு மேலெழுந்து வழிவிடும். மிகையாவி போனபின் அடைப்பு மீண்டும் தன்னிடத்தில் அமரும். துளையின் பரப்பு 1 சதுர செண்டிமீட்டர் என்று கொள்வோம். சதுர செண்டிமீட்டருக்கு 10 கிலோகிராம் அழுத்தத்தில் அது திறக்க வேண்டுமாயின், அதன்மேல் 10 கிலோகிராம் சுமை இருத்தல் வேண்டும். நெம்புகோலில் எடையின் தொலைவு அடைப்பின் தொலைவைப் போல் 10 மடங்காக இருந்தால், கோலின் எடையை நீக்கிப் பார்க்குமிடத்து, 1 கிலோகிராம் கல்லே போதுமானது. கல்லைக் கோலின்மீது முன்னும் பின்னும் நகர்த்தி, வேண்டிய எல்லையை வேண்டியவாறு வகுத்துக்கொள்ளலாம். சந்தையில் வணிகன் கையாளும் துலாக்கோலின் நெறியும் இதுவே. பாப்பின் ஆவியைத் துலாக்கோலில் இட்டு நிறுத்தார் எனின் மிகையாகாது.

இவ்வாயில் ஒரே வேளையில் இருபணி ஆற்றியது. அது கலத்தைக் காத்தது. உள்ளிருக்கும் அழுத்தம் இவ்வளவென்று அளந்தும் காட்டியது. பாப்பின் அவ்வளவில் அமையவில்லை. கலத்தின் வெப்பத்தை அறிதற்கு, மூடியின்மேலுள்ள சிறு குழியில் ஒரு துளி நீரை விட்டு, அத்துளி முற்றும் ஆவியாய் மறைதற்குள் ஊசல் எத்தனை முறை ஆடுகின்றது என்று எண்ணிக் குறித்துக்கொண்டார். தக்க வெப்பமானிகள் எளிதிற் கிடையாத காலம் அது. கருவி இல்லாவிடத்தும் அவர் கருத்தளவில் அமையாமல், ஒரு துளி நீரையே கருவியாக்கிக்கொண்டார். ஒன்றை நம்புமுன் அதனைச் சோதித்தறிதல் வேண்டும் என்பதே அவருடைய கொள்கை.

1681ஆம் ஆண்டில் அவர் இக்கலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். 1682ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் இராயல் சங்கத்து அறிஞர் சிலர்க்கு இத்தகைய கலங்களிற் சமைத்த விருந்து ஒன்று நடந்தது. அவ்விருந்தில் கலந்துகொண்ட ஜான் ஈவ்லின் என்பவர், கடின எலும்புகளும் பாலாடைக்கட்டி போல் மென்மையாகியிருந்ததையும், அதற்குச் செலவான நிலக்கரி எட்டு அவுன்சுக்கும் குறைவென்பதையும் தம் நாட்குறிப்பில் வியந்து எழுதிவைத்தார்.

புகழ் வளர்ந்தது, பொருள் வளரவில்லை. பாப்பின் சிலகாலம் இத்தாலி நாட்டு வெனிசு நகர் சென்று அங்குள்ள ஒரு கழகத்தில் பணியாற்றி, 1684ஆம் ஆண்டில் இலண்டன் திரும்பினார். இராயல் சங்கம் அவர்க்குச் சோதனைகள் செய்துகாட்டும் தற்காலிகப் பணியைத் தந்தது. ஆண்டுக்கு 30 பவுன் ஊதியம். இதற்கிடையில் 1685ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி, ஹியூகனாட்டுகளுக்கு முன்னர் வழங்கப்பெற்றிருந்த வழிபாட்டுரிமையைப் பறித்தான். ஆயிரக்கணக்கானோர் பிறந்த மண்ணை விட்டு அயல்நாடுகளிற் புகலடைந்தனர். பாப்பினுக்கும் தாய்நாட்டின் கதவு அடைபட்டது. 1687ஆம் ஆண்டில் செர்மானிய நாட்டு மார்புர்க் பல்கலைக்கழகத்திலிருந்து கணிதப் பேராசிரியராக அழைப்பு வரவே, அவர் அங்குச் சென்றார்.

மார்புர்க் நகரில் இருந்தபோதுதான் அவர்தம் அறிவு அடுத்த பெரும்படியில் அடியெடுத்து வைத்தது. ஆவியால் மேலெழுந்து மீண்டும் அமரும் அடைப்பைக் கண்ட அவர் மனத்தில், அவ்வேற்றமும் இறக்கமும் ஒரு வேலையைச் செய்ய வல்லவையாகலாமே என்ற எண்ணம் உதித்தது என்பர். 1690ஆம் ஆண்டில் லைப்சிக் நகரத்து அறிவியல் இதழில் அவர் எழுதிய கட்டுரை, உருளையும் பிஸ்டனும் கொண்ட நீராவி இயந்திரத்தின் அமைப்பை விளக்கியது. உருளையின் அடியிலுள்ள சிறிதளவு நீரைச் சூடாக்கினால் ஆவி பிஸ்டனை மேலே தள்ளும். சூட்டை நீக்கினால் ஆவி குளிர்ந்து நீராகி வெற்றிடம் உண்டாகும். உடனே வெளிக்காற்று பிஸ்டனை வலிமையோடு கீழே அழுத்தும். இரண்டரை அங்குல அகலமுள்ள சிறிய உருளையே 60 பவுண்டு எடையைத் தூக்கிற்று.

1695ஆம் ஆண்டில் ஹெஸ்ஸே நாட்டுச் சிற்றரசர் கார்லின் ஆதரவில் காசெல் நகர் சேர்ந்த பாப்பின், அங்கு 12 ஆண்டுகள் உழைத்தார். இங்கிலாந்தில் தாமஸ் சேவரி என்பவர் ஆவியால் நீரை இறைக்கும் பொறி ஒன்றிற்கு 1698ஆம் ஆண்டில் உரிமை பெற்றிருந்தார். அப்பொறியின் படத்தை லைப்னிட்ஸ் 1705ஆம் ஆண்டில் பாப்பினுக்கு அனுப்பினார். அதனை ஆராய்ந்த பாப்பின் தம்முடைய இறைக்கும் பொறியைத் திருத்தி, 1707ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். சேவரியின் பொறியில் இல்லாத ஓர் உறுப்பு பாப்பினுடைய பொறியில் இருந்தது. அதுவே காப்பு வால்வு. சமையற்கலத்திற்கெனப் பிறந்த அச்சிறு வாயில், இயந்திரத்திற்கும் காவலாயிற்று.

அதே ஆண்டில் அவர் வாழ்வில் ஒரு துயர் நேர்ந்தது. துடுப்புச் சக்கரங்கள் பூட்டிய படகு ஒன்றைப் பாப்பின் அமைத்திருந்தார். அது நீராவியால் இயங்கிற்று என்று கதை வழங்குகின்றதெனினும், மனிதர் கையால் சுழற்றப்பட்டதென்றே ஆராய்ந்தோர் கூறுவர். செப்டம்பர்த் திங்கள் 24ஆம் நாள் குடும்பத்தோடு அப்படகில் ஏறி, இலண்டன் செல்லும் நோக்கத்துடன் புல்டா ஆற்றின் வழியே அவர் புறப்பட்டார். மியூண்டன் என்னும் ஊரை அடைந்தபொழுது, அவ்வாற்றுவழியில் தனியுரிமை பெற்றிருந்த படகோட்டிகள் அவருடைய படகைப் பற்றி உடைத்தெறிந்தனர். அறுபது வயதை எய்திய அறிஞர் வெறுங்கையினராய் இலண்டன் சேர்ந்தார்.

இலண்டன் அப்பொழுது அவர் விட்டுச் சென்ற இலண்டனாக இல்லை. அவரை அறிந்து ஆதரித்த பாயில் 1691ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். நியூட்டன் தலைவராக இருந்த இராயல் சங்கத்திற்குப் பாப்பின் மேன்மேலும் விண்ணப்பித்தார். ஆவிப்படகு ஒன்றைச் செய்துகாட்டச் சிறுதொகை தருமாறு கேட்டார், அது கிடைக்கவில்லை. அவர் அளித்த கட்டுரைகள் பல அவர் பெயர் குறிக்கப்பெறாமலே சங்கத்தில் படிக்கப்பட்டன. 1712ஆம் ஆண்டு சனவரியில் எழுதிய கடிதமே அவரிடமிருந்து வந்த இறுதிக் கடிதமாகும். அவர் எங்கு, எப்பொழுது இறந்தார் என்பது முந்நூறு ஆண்டுகளாக ஒருவர்க்கும் தெரியாதிருந்தது. அண்மைக் காலத்தில் பழைய பதிவேட்டிற் கண்ட குறிப்பு ஒன்று, 1713ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் இலண்டன் நகரத்துப் புனித பிரைடு ஆலயத்தில் அவர் பெயருடையார் ஒருவர் அடக்கம் செய்யப்பெற்றதைத் தெரிவிக்கின்றது.

மனிதர் மறைந்தார், அவர் விட்டுச் சென்ற கருத்து மறையவில்லை. 1712ஆம் ஆண்டில் தாமஸ் நியூகோமன் உருளையும் பிஸ்டனும் கொண்ட பெரிய இயந்திரத்தைச் சுரங்கத்து நீரை இறைக்க அமைத்தார். 1761ஆம் ஆண்டளவில் ஜேம்ஸ் வாட் நீராவியைப் பற்றிய தம் முதற் சோதனைகளைப் பாப்பினுடைய கலத்தைக் கொண்டே செய்தார். மிக்க அழுத்தமுள்ள ஆவியைக் கையாளுவதிலுள்ள இடரை எண்ணி வாட் அவ்வழியைக் கைவிட்டார். அவ்வழியில் துணிந்து சென்றவர் ரிச்சர்ட் டிரெவிதிக் ஆவார். 1803ஆம் ஆண்டில் கிரீனிச் என்னுமிடத்தில் அவருடைய கொதிகலன் ஒன்று வெடித்து நால்வர் மாண்டனர். கொதிகலனைக் காக்க வேண்டியவன் தன்னிடம் விட்டகன்றதும், வால்வைத் திறந்துவிடாமல் இயந்திரம் நிறுத்தப்பட்டதுமே அதன் காரணங்கள். அதன்பின் டிரெவிதிக் ஒவ்வொரு கொதிகலனுக்கும் இரண்டு காப்பு வால்வுகளை அமைத்தார். அவற்றுள் ஒன்று பணியாளர் கைக்கு எட்டாதது.

கைக்கு எட்டாமல் வைத்ததன் தேவையை 1831ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தென் கரோலினாவில் நிகழ்ந்த இடர் நன்கு விளக்குகின்றது. இரயில் இயந்திரம் ஒன்றில் தீயிடும் தொழிலாளி, வால்வின் வழியே ஆவி சீறும் ஒலியைப் பொறாமல், அவ்வால்வை அழுத்தி மூடிவிட்டான். ஒலி அடங்கிற்று, சிறிது நேரத்தில் கொதிகலன் வெடித்தது, அத்தொழிலாளி உயிரிழந்தான். நம் நாட்டிலும் 1863ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கொதிகலன் ஒன்று வெடித்துப் பலர் மாண்டனர். அடுத்த ஆண்டிலேயே வங்காள மாகாணத்தில் கொதிகலன்களைச் சோதிப்பதற்குச் சட்டம் பிறந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 1923ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. அதற்கு மாற்றாக 2025ஆம் ஆண்டில் புதிய சட்டம் வந்தது.

ஏரிகள் சூழ்ந்த தொண்டைநாட்டில், இராமானுசர் பிறந்த திருவூராகிய ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையிலும் இன்று தொழிற்சாலைகள் நிரம்பியுள்ளன. ஊர்திகளும் அவற்றின் உறுப்புகளும் அங்கே உருவாகின்றன. ஆவியும் அழுத்தக் காற்றும் இத்தகைய ஆலைகளின் உயிர்மூச்சாகும். திருகுகளை முடுக்குவதும் வண்ணம் தெளிப்பதும் அழுத்தக் காற்றின் வேலை. அக்காற்றைத் தேக்கும் தொட்டிக்கும், ஆவியை ஆக்கும் கொதிகலனுக்கும் காப்பு வால்வு உண்டு. எடைக்கல் தொங்கிய இடத்தில் இன்று பெரும்பாலும் சுருள்வில் அமைந்துள்ளது. கருத்தோ பாப்பினுடையதே.

ஏரிக்குக் கலிங்கு அமைத்தவர் அதனைப் பேண வாரியமும் அமைத்ததுபோல, வால்வைப் பொருத்தியவர் அதனைக் காலந்தோறும் சோதித்தலும் வேண்டும். டெஸ்ட் பெஞ்ச் என்று தொழிலாளர் வழங்கும் சோதனை மேடையில் அது நடைபெறும். வால்வைக் கலத்தினின்று கழற்றி மேடையிற் பொருத்துவர். முதலில் மேடையிலுள்ள அழுத்தமானியின் உண்மையைச் சரிபார்ப்பர். அளக்கும் கருவி பொய்த்தால் அளந்தவை அனைத்தும் பொய்க்குமன்றோ? பின்னர்க் காற்றையோ நைட்ரஜனையோ மெல்ல மெல்லச் செலுத்தி, வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கின்றது என்று காண்பர். சதுர செண்டிமீட்டருக்கு 10 கிலோகிராம் அழுத்தத்திற்கென அமைத்த வால்வு, பொதுவாக 9.7க்கும் 10.3க்கும் இடையில் திறத்தல் வேண்டும். ஒருமுறை திறந்தால் போதாது. மீண்டும் மீண்டும் அதே அளவில் திறந்தாலன்றி அதனை நம்பலாகாது. சூடான ஆவியில் சுருள்வில்லின் விறைப்புச் சிறிது குறையும். ஆதலின் குளிர்ந்த காற்றாற் சோதிக்கும்போது அதற்குரிய திருத்தத்தையும் கணக்கிற் கொள்வர்.

அடுத்து, மூடிய வால்வு கசிகின்றதா என்று பார்ப்பர். குறித்த அழுத்தத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு அளவு காற்றைச் செலுத்தி, வெளிவாயிலை அடைத்து, அதனின்று ஒரு மெல்லிய குழாயை நீரில் அரையங்குல ஆழத்தில் அமிழ்த்துவர். ஒரு நிமிடத்தில் எழும் குமிழிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணுவர். ஊசலின் ஆட்டங்களை எண்ணிக்கொண்டு ஒரு துளி நீரை உற்றுநோக்கிய பாப்பினுக்கும், குமிழிகளை எண்ணும் இன்றைய தொழிலாளிக்கும் இடையே முந்நூறு ஆண்டுகள் கழிந்துள்ளன. பொறுமை ஒன்றே, நெறியும் ஒன்றே.

குறை கண்டவிடத்து, மருத்துவன் நோயின் காரணத்தை நாடுவதுபோல் அதன் காரணத்தை நாடுதல் வேண்டும். வால்வு கசிந்தால், இருக்கைக்கும் தட்டுக்கும் இடையே தூசியோ துருவோ சிக்கியிருக்கலாம். அன்றி அப்பரப்பிற் கீறல் விழுந்திருக்கலாம். அப்பொழுது அவற்றைக் கழற்றித் துடைத்து, நுண்பொடிக் குழம்பு இட்டுத் தேய்த்துக் கண்ணாடிபோற் சமன் செய்வர். கசிவை நிறுத்தச் சுருள்வில்லை மேலும் இறுக்குவதோ நோயை மறைத்து உயிரைப் பணயம் வைப்பதாகும். கசிவு நிற்கும், எல்லையும் உயர்ந்துவிடும். வால்வு படபடவென்று அடித்துக்கொண்டால், அது தேவைக்கு மிகப் பெரிதாக இருக்கலாம். அல்லது அதற்குச் செல்லும் குழாய் குறுகியதாகவோ நெடியதாகவோ இருக்கலாம். குறித்த அளவிற்கு முன்பே திறந்தால், வில் தளர்ந்திருக்கலாம். இவையெல்லாம் ஒலியாலோ கசிவாலோ தம்மைத் தாமே அறிவிக்கும் குறைகள். எல்லாவற்றினும் கொடியது, ஒன்றையும் அறிவிக்காத குறையாகும். துருப்பிடித்து ஒட்டிக்கொண்ட வால்வு, பார்வைக்குக் கசியாத நல்ல வால்வாகவே தோன்றும். நீரழுத்தச் சோதனைக்காக வால்வைத் திறவாமற் பிடித்த திருகை எடுக்க மறந்தாலும் அத்தகைய அமைதியே நிலவும். அவ்வமைதியை நம்பி ஆலையுள் நூற்றுக்கணக்கானோர் வேலை செய்துகொண்டிருப்பர். சோதனை மேடை ஒன்றே அதன் உண்மையை வெளிப்படுத்த வல்லது.

சோதனையில் தேறிய வால்வுக்கு ஈய முத்திரையிட்டு, நாளும் அளவும் பொறித்த தகட்டைக் கட்டி, மீண்டும் கலத்திற் பொருத்துவர். அது பல திங்கள் அசையாமல் அமர்ந்திருக்கும். எல்லை கடந்த ஒரு நொடியில் அது செய்யும் பணிக்காகவே அத்துணைக் காலமும் அது விழித்திருக்கின்றது. சோதித்த தொழிலாளியின் பெயரை எவரும் அறியார். மாலையில் சங்கு ஊதியதும் நலமாக வீடு திரும்பும் மக்களே அவருடைய பணிக்குச் சான்று.

பாப்பினுக்கு அவர் வாழ்ந்த காலம் உரிய சிறப்பைச் செய்யவில்லை. பிறந்த நாடு அவர்க்கு அடைபட்டது. அவர்தம் படகு உடைக்கப்பட்டது. அவர்தம் பெயர் கட்டுரைகளினின்று விடுபட்டது. ஆயினும் இன்று கொதிகலன் உள்ள இடமெல்லாம் அவர் அமைத்த வாயில் காவல் புரிகின்றது. ஆற்றலைப் பெருக்குதல் அறிவின் ஒரு பாதி. அவ்வாற்றலுக்கு எல்லை வகுத்தலும், வகுத்த எல்லை பொய்க்காதவாறு காலந்தோறும் சோதித்தறிதலும் அதன் மறுபாதியாகும். இவ்விரண்டும் கூடியவிடத்தே தொழில் வளரும்; தொழில் செய்வார் உயிரும் நிலைபெறும்.